செவ்வாய்க்கிழமை சலூன்

பின்னலை அவிழ்த்துவிட்டதும் முடி நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே போனது. இவ்வளவையா இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தோம் என்று செண்பகவல்லிக்கே மலைப்பாக இருந்தது. மணி மூன்று. கோவில்பட்டியில் மே மாதத்து மூன்று மணிக்கு நாய்கூட நடமாடாது. ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டிருந்ததால் அந்தச் சந்து வழியாக ஒரே ஒரு பட்டை வெளிச்சம் உள்ளே வந்து தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது, மற்றதெல்லாம் இருட்டும் பவுடர் வாசனையும் சுற்றுகிற காற்றாடியும்தான். செவ்வாய்க்கிழமை, ஊரில் எந்தச் சலூனும் திறக்காத நாள். பின்னால் நின்று சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவன் பேச்சிமுத்து, கடைக்காரர் குருசாமியின் மகன், ப்ளஸ் டூவில் இவளோடு ஒரே வகுப்பு, இவர்கள் பேண்டில் டிரம் அடிக்கிறவன். அவன் தலை ஏற்கெனவே மொட்டை. இன்னும் அரை மணியில் இவள் தலையும் அப்படி ஆகிவிடும், ஆறு மணிக்கு வியாபாரிகள் சங்கத்து மஹாலில் கோடைக் கலைவிழா மேடையில் மூன்று மொட்டைகளும் ஏறும், மூன்று பாட்டு, ஏழு நிமிஷம். அப்புறம் வீட்டுக்குப் போனால் அம்மா அடிப்பாள், சித்தப்பா பெல்ட்டை உருவுவார், அறைக்குள் போட்டுப் பூட்டுவார்கள், போன் போகும், காலேஜ் போகும். எல்லாம் யோசித்து ஆயிற்று. அடி வாங்கப்போவது நான்தானே, வேறு யாருக்கு என்ன வந்தது என்று மனசுக்குள் ஒரு இறுமாப்புகூட இருந்தது. பதினேழு வயசு இறுமாப்புக்குக் கேட்கவா வேண்டும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டால் பேண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் ஆரம்பம் பிடிபட மாட்டேன் என்கிறது, காற்றாடிச் சத்தத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்து வருகிறது. ஜெபசிங் கொண்டுவந்த மெமரி கார்டா, இல்லை அதற்கும் முன்னால் ஆண்டுவிழாவில் பாட்டு டீச்சர் உன் குரல் தகரத்தை இழுத்த மாதிரி இருக்கு, நீ சும்மா வாயை மட்டும் அசை என்று சொன்னதா. அசைத்தாள். கடவுள் வாழ்த்து முழுக்க மீன் மாதிரி வாயசைத்துவிட்டு இறங்கி வந்து, அழுவதற்கு இடம் தேடி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனால் அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் ஜெபசிங், சர்ச் பாடல் குழுவில் கிட்டாரை ஓட்டமாக ஓட்டுகிறான் என்று ஓரமாக உட்கார வைக்கப்பட்டவன். இன்னொருவன் பேச்சிமுத்து, எதுவும் பேசாதவன், எந்நேரமும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பவன், கிளாஸில் யாரும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாதவன். ஏன் உட்கார வைத்துக்கொள்ளவில்லை என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை, தாளம் போடுகிற தொந்தரவு தாங்காமல்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஜெபசிங்கின் கார்டில் ஐநூறு சினிமாப் பாட்டுக்கு நடுவே பேரே இல்லாத ஒரு ஃபோல்டர், அதில் எந்த ஊர்ப் பையன்களோ தொண்டை கிழியக் கத்துகிறார்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிஷம், இங்கிலீஷ்தான் ஆனால் ஒரு வார்த்தை விளங்கவில்லை, கோபம் மட்டும் பளிச்சென்று விளங்கியது. அதற்குப் பங்க் என்று பேராம், ஒரு வாரம் கழித்து ஜெபசிங்தான் துப்பறிந்து வந்து சொன்னான். கிட்டாரில் மூணே மூணு பிடி தெரிந்தால் போதுமாம், பாடத் தெரியாவிட்டால் ரொம்ப நல்லதாம். இதைக் கேட்டதும் செண்பகவல்லிக்கு யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. குருசாமி செவ்வாய்தோறும் காலை பஸ்ஸில் கயத்தாறில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு இரவுதான் திரும்புவார், சாவி மகனிடம் இருக்கும். பேச்சிமுத்துவின் மாமா பேண்ட் செட் வைத்திருந்தார், அங்கிருந்து டிரம் வந்தது. தீப்பெட்டி ஊர் என்பதால் பேண்டுக்கு நமத்த குச்சி என்று பேர் வைத்தார்கள், உரசினாலும் பற்றாது என்று கழித்துப் போடுகிற குச்சி. பக்கத்துப் பரோட்டாக் கடைக்காரர் இரண்டு வருஷமாகச் சலூனில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

"தலையக் கொஞ்சம் நிமித்து" என்றான் பேச்சிமுத்து. நிமிர்த்தினாள். தண்ணீரை விசிறினான், சில்லென்று கழுத்தில் விழுந்தது, கண் தானாக மூடிக்கொண்டது. காலையில்தான் அம்மா தலைக்கு ஊற்றிவிட்டாள், செவ்வாயும் வெள்ளியும் தப்பாது, நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் அரைத்துப் போட்டு, பின்கட்டில் முக்காலியில் உட்கார வைத்து. ஆடாம இரு, ஆடாம இரு. ஈரத்தை உதறி, கவிழ்த்த கூடைக்கு அடியில் சாம்பிராணி போட்டு, கூடைமேல் முடியை விரித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அந்த அரை மணி அம்மா வாயைத் திறக்க மாட்டாள், விரல் மட்டும் சிக்கெடுத்துக்கொண்டே இருக்கும். அம்மா தன்னைத் தொடுவது வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் என்று இப்போது, இந்த நாற்காலியில், மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதா தோன்ற வேண்டும். போன மாசம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, இன்னும் பதினெட்டு முடியவில்லை, சும்மா பார்த்து வைக்கிறோம் என்று, அந்தப் பொம்பளை எழுந்து வந்து பின்னலைத் தூக்கிக் கையில் எடை பார்த்தாள், சவுரி வைத்திருக்கிறார்களோ என்று நுனியைப் பிரித்துப் பார்த்தாள். சித்தப்பா சிரித்தார். நல்லா இழுத்தே பாருங்க, எங்க வீட்டு முடி என்றார். அவளும் இழுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், காபி வந்தது. எங்க வீட்டு முடி. அப்பா செத்த பிறகு சித்தப்பாதான் வீடு, சித்தப்பாதான் சட்டம், ஆனால் தலையில் முளைத்துக்கொண்டிருக்கிறதும் அவருடையதுதான் என்று அன்றைக்குத்தான் செண்பகவல்லிக்குத் தெரியும். அந்த வாரத்துச் செவ்வாயில் ஒரு பாட்டுக் கட்டினாள். கட்டுவதற்கு என்ன இருக்கிறது, வீட்டில் ஒரு நாளில் தன்னிடம் சொன்ன வார்த்தைகளை எழுதி வைத்துக்கொண்டு அப்படியே கத்தினாள், குனி, மெதுவா, சிரிக்காத, உள்ள போ, ஆடாம இரு. கத்தி முடித்ததும் ஜெபசிங் அதற்கு ஏற்ற பிடியைக் கிட்டாரில் தேட ஆரம்பித்தான்.

மொட்டை யோசனையும் அப்போது வந்ததுதான். மூன்று பேரும் மொட்டையாக மேடை ஏறினால் பார்க்கிறவன் மிரண்டுவிடுவான் என்று முடிவு செய்து, போன வாரம் பையன்கள் இரண்டு பேரும் மொட்டை அடித்துக்கொண்டார்கள். மிரண்டார்களா என்றால், தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் திருச்செந்தூரா பழனியா என்று கேட்டார்கள், ஜெபசிங்கைப் பார்த்து வேளாங்கண்ணியா என்றார்கள். ஒரு ஆச்சி பேச்சிமுத்துவை நிறுத்தி, சந்தனம் பூசலையாய்யா, வெயில் மண்டையைப் பிளந்துருமே என்று வருத்தப்பட்டாள். இவளும் நேர்த்திக்கடன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே என்று ஜெபசிங் சொல்லிப் பார்த்தான். மாட்டேன் என்றுவிட்டாள். முருகன் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதற்கா இவ்வளவு பாடு. அவளுக்குத் தன் பேரில் வேண்டும், வேறு யார் பேரிலும் வேண்டாம். அதற்குத்தான் பேச்சிமுத்துவிடம், நீ வெட்டிவிடுவாயா என்று கேட்டாள், அவன் ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டுச் சரி என்றான். அந்த ஒரு வாரமும் அவன் தாளம் தப்பித் தப்பி அடித்ததை அவள் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

ஆனாலும் என்ன இவ்வளவு நேரம். மெஷினை எடுத்து எண்ணெய் விட்டான், ஓட்டிப் பார்த்தான், நிறுத்தினான். துண்டை உதறினான், மறுபடி மடித்தான். நீள முடி வெட்டிப் பழக்கம் இல்லை, பயல் நேரம் கடத்துகிறான் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. துண்டைப் போர்த்தும்போதுகூட நுனியைப் பிடித்துப் போர்த்தினான், விரல் கழுத்தில் படவில்லை. தெருவிலும் அப்படித்தான், எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவான், கூச்சக்காரன். தரையில் கிடந்த வெளிச்சத்தில் யாருடைய நிழலோ வந்து ஒரு கணம் நின்றுவிட்டுப் போனது. சைக்கிள்காரன் போலிருக்கிறது, டயர் சரளையில் நெறிகிற சத்தம். சைக்கிள் என்றதும் வாழவந்தான் சைக்கிள் கடை ஞாபகம் வந்தது, ஏன் வருகிறது என்று தெரியவில்லை, அவள் மூன்றாவது படிக்கும்போது இருந்த கடை. வாழவந்தான் அண்ணன் அவளுக்கு இலவசமாகக் காற்றடித்துவிடுவார், அத்தை மகள் கௌரிக்கும் அடித்துவிடுவார், கௌரி அக்கா கொஞ்சம் கூடுதலாக நின்று பேசுவாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடை இல்லை. ரோடெல்லாம் ட்யூப் கிடந்தது, போக்ஸ் கம்பி கிடந்தது, பம்ப் இரண்டாக வளைந்து சாக்கடையில் கிடந்தது. காலி பண்ணிட்டுப் போயிட்டான் என்றார் சித்தப்பா. அவள் நம்பினாள். காலி பண்ணுகிறவர்கள் சாமானை ஏன் இப்படிப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டதற்கு அம்மா சோற்றை உருட்டி வாயில் வைத்தாள். சரி, அது எதற்கு இப்போது. வேறு நினைப்போம். குருசாமியை நினைத்தாள், வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பின்பக்கமாக வந்து தாத்தாவுக்குச் சவரம் செய்துவிட்டுப் போவார், தலை முக்கால் வாசி நரைத்துவிட்டது. ஏலே குருசாமி, இங்க வாலே என்று சித்தப்பா கூப்பிடுவார், சித்தப்பாவுக்கு நாற்பதுதான் இருக்கும். அதுவும் பிடிக்கவில்லை, மறுபடி சைக்கிள் கடைக்கே மனசு போய் நின்றது. நின்றால் நகர மாட்டேன் என்கிறது.

கண்ணைத் திறந்தாள். இந்தச் சலூனில் அவளுக்குப் பிடித்தது ஒன்று உண்டு, முன்னால் ஒரு கண்ணாடி பின்னால் ஒரு கண்ணாடி, நடுவில் உட்கார்ந்தால் செண்பகவல்லிக்குப் பின்னால் செண்பகவல்லி, அதற்கும் பின்னால் இன்னொருத்தி, கடைசி ஆள் கடுகளவில் நிற்பாள். பாட்டுக்கு நடுவில் அந்தக் கடைசி ஆளைப் பார்த்துத்தான் கத்துவாள், அவளுக்குக் கேட்க வேண்டும் என்று. இன்றைக்குத் தேடினால் யாரும் இல்லை. இவள் ஒருத்தி மட்டும், விரித்த தலையோடு. பின்சுவரில் கண்ணாடி இருந்த இடத்தில் நாலு ஆணியும் கொஞ்சம் வெளுத்த சுண்ணாம்பும் இருந்தன. டிவி இருந்த பலகையில் தூசி மட்டும். இரண்டாவது நாற்காலியைக் காணோம், தரையில் போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. சாமி படம்கூட இல்லை. வந்து உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகிறது, தன் முடியையே நினைத்துக்கொண்டு ஒன்றையும் பார்க்கவில்லை.

"பேச்சி, டிவி எங்க?"

"பெரியம்மா வீட்டுல."

"கண்ணாடி, சேரு எல்லாம்?"

"அங்கதான். காலைல அப்பா பஸ் ஏறுனதும் தள்ளுவண்டில கொண்டுபோயிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, ஏதோ கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்கிற மாதிரி, "ஒடைச்சுட்டாங்கன்னா மறுபடி வாங்க முடியாதுல்ல" என்றான்.

யார் உடைப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். வாழவந்தான் அண்ணன் காலி பண்ணிக்கொண்டு போகவில்லை. ஒன்பது வருஷமாகத் தெரியும், தெரியாத மாதிரி வைத்திருந்தாள். கௌரி அக்காவோடு நாலு வார்த்தை பேசினதற்கு அவருக்கு அந்தக் கதி. இது சித்தப்பா வீட்டுப் பெண்ணின் தலைமுடி, பூட்டிய கடைக்குள், குருசாமி மகன் கையால். அவளை அடித்துப் பூட்டி வைப்பார்கள், நாலு நாள் கழித்துச் சோறு போடுவார்கள். இவனை என்ன செய்வார்கள் என்று மட்டும் யோசிக்காமல் மற்ற எல்லாவற்றையும் யோசித்திருக்கிறாள். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். மொட்டைத் தலையில் வேர்வை முத்து முத்தாக நின்றது, உதட்டை மடித்துக் கடித்திருந்தான். கூச்சம் என்று நினைத்தாளே, தெருவில் செருப்பைப் பார்த்துக்கொண்டு போனதை. இரண்டு வருஷமாக அவன் பயந்திருக்கிறான், அவள் அதைக் கூச்சம் என்று பேர் வைத்துக் கேலி செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இந்த மாதிரி வெட்கத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை.

"தெரிஞ்சும் ஏம்ல சரின்ன?"

அவன் மெஷினின் வயரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். "மூணு பேருல நான் மட்டும் பயந்தாங்கொள்ளியா இருக்கணுமா?" என்றான். "நீ உக்காரு. அரை மணில முடிச்சிருவேன்."

அவன் நிஜமாகவே மெஷினைப் போட்டான். அந்த ர்ர்ர் என்ற சத்தம் அறை முழுக்கப் பரவி, காற்றாடிச் சத்தத்தோடு கலந்து, கண்ணை மூடினால் தூக்கம் வந்துவிடும் போல இருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் சும்மா இருந்தால் போதும், தானாக நடந்துவிடும், ஆறு மணிக்கு மேடை, அந்த வெளிச்சம், ஏழு நிமிஷம். எவ்வளவு ஆசைப்பட்டாள். துண்டை உருவிப் போட்டுவிட்டு எழுந்தாள். முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னினாள், கை பாட்டுக்குப் பின்னியது, கண்ணாடி தேவைப்படவில்லை. அவன் முகம் விழுந்துவிட்டது, தான் ஏதோ சொல்லி அவள் மனசை மாற்றிவிட்டோம் என்று நினைத்தான் போல. இப்பவே ஜெபசிங்கைக் கூட்டிக்கொண்டு மஹாலுக்குப் போய்விடு, மைக் செட்காரர் பக்கத்தில் நில்லு, பத்துப் பேர் பார்க்கிற மாதிரி நில்லு, ராத்திரி வரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதே என்றாள். போகிற வழியில் பெரியம்மாவிடம் சொல்லி எல்லாவற்றையும் கொண்டுவந்து மாட்டச் சொல்லு, உங்கப்பா வரும்போது கடை கடையாக இருக்க வேண்டும் என்றாள்.

"அப்ப ஆறு மணிக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் வாசிங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஷட்டருக்கு அடியில் புகுந்து வெளியே வந்தாள்.

வெயில் அறைந்தது. வீட்டுக்கு ஏழு நிமிஷ நடை, அந்த ஏழு நிமிஷமும் பின்னல் முதுகில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே வந்தது. டைப்ரைட்டிங் கிளாஸ் அதற்குள் முடிஞ்சிருச்சா என்று அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் சித்தப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார், நேர் எதிரே, நாலடி தூரத்தில். வேண்டுமென்றேதான் அங்கே நின்றாள். வலது கையில் கத்தரி, இடது கையில் பின்னல், பிடரியோடு சேர்த்து வைத்து அழுத்தினாள். லேசில் போகவில்லை, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது, ஏழெட்டுத் தடவை கரகரவென்று கடிக்க வேண்டியிருந்தது, கட்டைவிரல் கன்றிப்போயிற்று. சித்தப்பா போனைக் காதில் வைத்தபடியே முழுவதையும் பார்த்தார். பின்னல் கையோடு வந்ததும் அவர் காலடியில் போட்டாள். பின்னால் தையல் மெஷின் நின்றுபோனது.

சித்தப்பா எழுந்தார். அவர் கண் அவள் மேல் நிற்கவில்லை, அவளைத் தாண்டித் தெருக்கோடி வரை போய் யாரையோ தேடியது.

"எவன்டி செஞ்சது?" என்றார்.

நாலடி தூரத்தில் உட்கார்ந்து, தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுக் கேட்கிறார். கத்தரி இன்னும் அவள் கையில் இருந்தது. நான்தான் என்றாள். எவன் சொல்லிக் குடுத்தான், பேரச் சொல்லு என்றார், அவள் சொன்னது காற்றில் போய்விட்ட மாதிரி. அப்போது அவள் வாயைத் திறந்தாள். தகரத்தை இழுத்த மாதிரிதான் வந்தது. நான் என்று கத்தினாள், நான் வெட்டுனேன், என் கையால வெட்டுனேன், எங்க வீட்டு வாசல்ல வச்சு வெட்டுனேன், எல்லாரும் வந்து பாத்துக்கிடுங்க. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருமுனை மாவு மில்லில் அரவை நின்றது, மில்லுக்காரர் தலையெல்லாம் மாவோடு ரோட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள், ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். சித்தப்பா கை ஓங்கினார், கன்னத்தில் விழுந்தது, அதற்கும் சத்தம் நிற்கவில்லை. அம்மா ஓடி வந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்து உள்ளே இழுத்தாள். செண்பகவல்லி கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தத் தெருவில் இன்னும் எந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே, அந்த வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.